கோப்பியைத் தின்ற துருவும் தவளம் ஓட்டிய நம் முன்னோரும்

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

இலங்கையில் கோப்பி ஏன் அழிந்தது என்று வரலாற்றுப் பரீட்சையில் கேட்டால் நம் பிள்ளைகளிடம் நான்கு வரி விடை தயாராக இருக்கும். நோய் வந்தது, கோப்பி செத்தது, தேயிலை வந்தது, ஜேம்ஸ் டெய்லர். புள்ளியும் கிடைத்துவிடும். வகுப்பில் அப்படித்தான் நாமும் எழுதச் சொல்கிறோம். ஆனால் அந்த நான்கு வரிக்குள் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் மட்டும்தான் இருக்கிறார்கள். அவர்கள் நட்டப்பட்டார்கள், பிறகு அவர்களே தேயிலையை நட்டு எழும்பினார்கள். கதை முடிந்தது. அந்தக் கோப்பியை வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்த கண்டிக் கிராமத்து விவசாயி எங்கே? அவனிடம் அதை வாங்கி மாட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கிய முஸ்லிம் வியாபாரி எங்கே? ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் நடந்து வந்து அதைப் பறித்த தமிழ்த் தொழிலாளி எங்கே? கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம் இந்த மூன்று சனத்துக்கும் என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறோம்.

முதலில் அந்த நோய் என்ன என்று பார்ப்போம். கச்சான் பயிர் செய்தவர்களுக்கு இதைக் காட்டிச் சொல்லத் தேவையில்லை. கச்சான் இலையைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் செம்மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தூள் இருக்கும். விரலால் தடவினால் இரும்புக் கறளைத் தொட்டது போல ஒட்டும். அதுதான் துரு நோய். ஆங்கிலேயரும் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். அந்தத் தூள் முழுக்க பங்கசின் வித்திகள். காற்று அள்ளிக்கொண்டு போகும். ஈரமான இலை ஒன்றில் விழுந்தால் முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே போய், இலையின் சத்தை உறிஞ்சும். இலை மஞ்சளாகி விழும். மரத்தை உடனே கொல்லாது. இலை இல்லாமல் மரம் எத்தனை வருசம் காய்க்கும்? பட்டினி போட்டுத்தான் கொல்லும்.

இந்தத் துருப் பங்கசுகளில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு ஒரு விசித்திரமான குணம் இருக்கிறது. வாழ்நாளை முடிக்க இரண்டு வீடு வேண்டும். குளிர் நாடுகளில் ஜூனிப்பர் மரத்தில் ஒரு பாதி வாழ்க்கை, ஆப்பிள் மரத்தில் மறு பாதி. ஜூனிப்பரில் உருண்டை உருண்டையாகக் கழலை வரும், மழை பெய்தால் அதிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கூழ் போன்ற கொம்புகள் நீட்டும். அங்கிருந்து கிளம்பும் வித்தி ஜூனிப்பரைத் தொற்றாது, ஆப்பிளைத்தான் தொற்றும். ஆப்பிளில் உண்டாகும் வித்தி ஆப்பிளைத் தொற்றாது, திரும்ப ஜூனிப்பருக்குத்தான் போகும்! கோதுமைத் துருவும் இப்படித்தான், கோதுமைக்கும் பார்பெரி என்ற முட்செடிக்கும் இடையில் போய்வரும். விஞ்ஞானிகளுக்கு முன்னமே விவசாயிகளுக்கு இது புரிந்திருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1755-லேயே பார்பெரியை வெட்டச் சொல்லிச் சட்டம் போட்டார்கள். ஜெர்மானியரான அன்டன் டி பாரி அதை ஆய்வில் நிரூபித்தது 1865-ல்தான்.

ஆப்பிள் கதை அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் வரை போனது. வர்ஜீனியா மாநிலத்தில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் அரசாங்கத்தைப் பிடித்து 1914-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்கு அருகில் உள்ள செஞ்சீடர் மரங்களை வெட்டும்படி உத்தரவிடலாம் என்றது அது. சீடர் என்று பெயர் இருந்தாலும் அது ஜூனிப்பர் இனம்தான். மரத்துக்குச் சொந்தக்காரர்கள் வழக்கு வைத்தார்கள். எங்கள் மரம் எங்களுக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை, அடுத்தவனுடைய ஆப்பிளுக்காக ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டார்கள். 1928-ல் தீர்ப்பு வந்தது. இரண்டில் ஒன்று அழியத்தான் வேண்டும் என்றால் எதைக் காப்பது என்று அரசாங்கம் தீர்மானிக்கலாம் என்றார்கள். ஆப்பிளில் காசு இருந்தது, சீடரில் இல்லை. துரு நோய் எங்கே போனாலும் யாருடைய மரம் பெறுமதியானது என்ற கேள்வியும் கூடவே போகும். இலங்கையிலும் அதுதான் நடந்தது.

கோப்பித் துருவுக்கு இரண்டாவது வீடு எது என்று இன்றுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு அது தேவைப்படவும் இல்லை. கோப்பியிலிருந்து கோப்பிக்கே நேராகப் பாயும். மலை முழுக்கக் கோப்பி மட்டும் நட்டு வைத்திருந்தால் வேறென்ன வேண்டும்?

அந்தக் கோப்பி இங்கே வந்த பாதையும் நமக்குச் சம்பந்தமானது. செடியின் தாய்வீடு எத்தியோப்பியக் காடு. அதைப் பானமாக்கி உலகுக்குக் கொடுத்தது யமன். 15-ஆம் நூற்றாண்டில் யமனின் சூபிகள் இரவு திக்ர் மஜ்லிஸ்களில் தூக்கம் வராமல் இருக்கக் கஹ்வா குடித்தார்கள். 1511-ல் மக்காவில் கயிர் பேக் என்ற அதிகாரி அதைத் தடை செய்த கதையும் உண்டு. தடை நிலைக்கவில்லை, அது வேறு விசயம். 'கஹ்வா' துருக்கி வழியாக ஐரோப்பா போய், அங்கிருந்து 'கோப்பி' ஆகி நம்மிடம் திரும்பி வந்தது. செடியோ அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒல்லாந்தர் இங்கே பயிரிட்டுப் பார்ப்பதற்கு முன்னரே அரபு வணிகர் வழியாகக் கோப்பிச் செடி இலங்கைக்கு வந்துவிட்டதாகத்தான் பழைய எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சிங்களக் கிராமத்தவர் அதன் பூவை விகாரைக்குப் பூசைக்கு வைத்தார்களாம், இலையைக் கறிக்குப் போட்டார்களாம். கொட்டையின் பெறுமதி தெரிந்தவர்கள் கரையோர வணிகர்கள்தான்.

ஆங்கிலேயர் கண்டியை 1815-ல் பிடித்தார்கள். 1820-களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தானே கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநரே தோட்ட முதலாளி! 1840-ல் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடு, சேனை எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்றாகி, அவை தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. காணிப் பிரச்சினை என்றால் என்னவென்று நம் மாவட்டத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. அப்படி வாங்கியவர்களில் அரச உத்தியோகத்தர், படை அதிகாரிகள், ஏன் பாதிரிமார்கூட இருந்தார்கள். காட்டை வெட்டி, எரித்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே செடியை நட்டார்கள். 1867-ல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் பாதை போட்டதும் கோப்பி மூட்டைகளுக்காகத்தான், பயணிகளுக்காக அல்ல.

பாடத்தில் வராத பகுதி இனித்தான் வருகிறது. அன்று இரண்டு கோப்பி இருந்தது. ஒன்று தோட்டக் கோப்பி, மற்றது கிராமக் கோப்பி. கண்டிப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டைச் சுற்றி, பலாவுக்கும் கமுகுக்கும் நடுவில் நாலைந்து கோப்பி மரமாவது நிற்கும். யாரும் எரு போட மாட்டார்கள், கத்தரிக்க மாட்டார்கள். காய்த்தால் பறித்துக் காயப்போட்டு விற்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அற்பம். எல்லாக் கிராமத்தையும் கூட்டினால் ஏற்றுமதியில் எளிதில் தள்ளிவிட முடியாத பங்கு. கிராமத்தானுக்குக் கையில் காசு வந்த ஒரே வழி பல இடங்களில் அதுதான்.

அதை வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். 'தவளம்' என்ற சொல்லை இளம் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பொதி மாட்டு வரிசைக்குத்தான் அந்தப் பெயர். வண்டி போக முடியாத மலைப் பாதையில் மாடுகளின் முதுகில் இருபக்கமும் பொதி தொங்க, மணி ஒலிக்க ஓட்டிப் போவார்கள். கரையிலிருந்து உப்பு, கருவாடு, துணி மேலே போகும். பாக்கு, மிளகு, பின்னாளில் கோப்பி கீழே வரும். இது ஆங்கிலேயர் காலத்தில் முளைத்த தொழில் அல்ல. கண்டி அரசர் காலத்திலேயே நடந்தது. நம் கொட்டியாரம் கண்டி ராச்சியத்தின் கிழக்கு வாசலாக இருந்தது. ரொபட் நொக்ஸ் 1660-ல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தக் கொட்டியாரக் கரையில்தான் என்பது மூதூர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அவன் பிடிபட்ட கதை தெரிந்த அளவுக்கு, அதே கரையிலிருந்து மலைக்குப் போய்வந்த நம் ஆட்களின் கதை தெரியாமல் போனது எப்படி? நொக்ஸ் திரும்பிப்போய்ப் புத்தகம் எழுதினான். தவளம் ஓட்டியவர்கள் எழுதவில்லை. வேறு காரணம் இல்லை.

கோப்பிக் காலத்தில் இந்த வியாபாரம் பெருத்தது. துணியையும் உப்பையும் கடனாகக் கொடுத்துவிட்டு, அறுவடையில் கோப்பியாக வாங்கிக்கொள்ளும் முறை இருந்தது. கிராமத்தானை ஏமாற்றினார்கள் என்று ஆங்கில அதிகாரிகள் குறை எழுதினார்கள். சிலர் ஏமாற்றியும் இருப்பார்கள், எல்லா வியாபாரத்திலும் அது உண்டு. ஆனால் ஆங்கிலேயக் கம்பனி எதுவும் எட்டிப் பார்க்காத கிராமத்திலிருந்து அந்தக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகம் வரை கொண்டுவந்த சங்கிலியில் முதல் கண்ணி இவர்கள்தான். இதை மறைக்க முடியாது.

1869-ல் ஊவாப் பக்கம் மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பங்கசுகளில் பெரிய புலமை பெற்ற பெர்க்லி என்ற பாதிரியார், புரூம் என்பவரோடு சேர்ந்து அதற்குப் பெயர் வைத்தார்: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். வித்தியின் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறு பக்கம் சொரசொரப்பு, அதனால் 'பாதி வழுவழுப்பானது' என்ற கருத்தில் ஹெமிலியா. வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசகாரி. அந்தப் பெயரை வாய்க்குள் போட்டுச் சிதைத்து, 'டிவாஸ்டேட்டிங் எமிலி' என்று தோட்டத்துரைமார் பகிடி விட்டார்கள். எமிலி என்ற பெண் எல்லாவற்றையும் நாசமாக்குகிறாள் என்ற அர்த்தத்தில்.

பகிடி விட அவர்களுக்கு வசதி இருந்தது. 1870-ல் இலங்கை ஏறத்தாழ 10 லட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதி செய்தது. அதன்பிறகு ஏக்கருக்கு 4 அந்தருக்கு மேல் விளைந்த இடத்தில் 2 அந்தர் அளவுக்கு இறங்கியது. ஆனால் அதே காலத்தில் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்தது. பாதி விளைந்தும் இலாபம்! ஆகவே நோயைப் பற்றி யோசிக்காமல் இன்னும் காட்டை வெட்டினார்கள். 1878-ல் கோப்பி நிலம் சுமார் 2,75,000 ஏக்கர். நோய் வந்து ஒன்பது வருசத்துக்குப் பிறகுதான் தோட்டம் ஆகப் பெரிதாக இருந்திருக்கிறது. மண் சரியில்லை என்று எருவைக் கூட்டினார்கள். விதை சரியில்லை என்று லைபீரியக் கோப்பி கொண்டுவந்தார்கள். துரு அதையும் விடவில்லை.

அதே வருசங்களில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம். அங்கே சாப்பாடு இல்லாமல் சனம் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி இங்கே வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து மலை ஏறினார்கள். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் செத்தவர்கள் பலர். பஞ்சத்துக்குத் தப்பி அவர்கள் போய்ச் சேர்ந்ததோ உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்த ஒரு பயிரிடம்.

அரசாங்கம் கடைசியில் 1880-ல் ஒரு விஞ்ஞானியைக் கொண்டுவந்தது. மார்ஷல் வார்ட். வயது 26. அவர் செய்த வேலை எளிமையானது, அழகானது. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவித் தோட்டத்தில் அங்கங்கே வைத்தார். காற்றில் வருவதெல்லாம் அதில் ஒட்டியது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கோப்பித் துருவின் வித்திகள். மண்ணும் இல்லை, விதையும் இல்லை, இது காற்றில் வருகிறது என்று கண்ணால் காட்டினார். வித்தி முளைக்க இலையில் தண்ணீர் வேண்டும், இலையின் அடிப்பக்கத்து இலைவாயால்தான் உள்ளே போகிறது, கொஞ்ச நாளில் புதிய தூளை வெளியே தள்ளுகிறது என்று படிப்படியாக எழுதினார்.

நமக்குத் தெரிந்த காற்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் நம் பக்கம் உடம்பை எரிக்கும் கச்சான் காற்று வேறெதுவும் அல்ல, அது தென்மேற்குப் பருவக் காற்று. மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குவதால் நமக்கு வரண்டு வருகிறது. நமக்குச் சூடாக வரும் அதே காற்று மலையில் ஈரமாக வீசியது. வாடைக் காற்றும் தன் பங்குக்கு ஊவாவின் கிழக்குச் சரிவுகளை நனைத்தது. ஈரமான இலைக்கும் வித்திக்கும் பஞ்சமே இல்லை. இடையில் மறிக்க ஒரு காட்டுத் துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. எத்தியோப்பியக் காட்டில் கோப்பி மரம் வேறு நூறு மரங்களுக்கு நடுவே நிழலில் நின்றது. இங்கே அதை அணிவகுப்பில் நிற்கும் படை போல நட்டிருந்தார்கள்.

வார்ட் உண்மையைச் சொன்னார், மருந்து சொல்ல முடியவில்லை. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்க்கும் முயற்சிகள் நடந்திருந்தன. முழுத் தோட்டத்துக்கும் அதைச் செய்யக் கட்டுப்படியாகவில்லை. துரைமாருக்கு வேண்டியது மருந்து, விளக்கம் அல்ல. 1882-ல் வார்ட் திரும்பிப் போனார். மூன்று வருசம் கழித்து, 1885-ல், பிரான்ஸில் மில்லார்டே என்பவர் திராட்சைக்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்தோக் கலவையை வெளியிட்டார். கோப்பித் துருவுக்கும் அது வேலை செய்யும். ஆனால் அதற்குள் இங்கே காப்பாற்ற எதுவும் இல்லை.

1884 மே மாதம் ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன் கதவை மூடியது. அந்த வங்கியின் நோட்டுத்தான் அன்று நாட்டில் புழங்கிய காசு. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. சிலர் சிங்கோனா நட்டார்கள். எல்லோரும் நட்டதால் சில வருசத்தில் அதன் விலையும் விழுந்தது. பிறகு தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867-லேயே 19 ஏக்கர் போட்டிருந்தார். 1875-ல் நாடு முழுக்க 1,000 ஏக்கர் அளவில் இருந்த தேயிலை 1895-ல் 3,00,000 ஏக்கரைத் தாண்டியது. செத்த கோப்பி மரங்களின் அடியைக் கழித்து இங்கிலாந்துக்குத் தேநீர் மேசைக் கால்களாக ஏற்றுமதி செய்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

இடையில் ஒன்று. இந்த நோயால்தான் ஆங்கிலேயர் கோப்பியை விட்டுத் தேநீருக்கு மாறினார்கள் என்று ஒரு பதிவு அடிக்கடி சுற்றிவருகிறது. அது சரியல்ல. இங்கே துரு வருவதற்கு நூறு வருசம் முன்னமே அவர்கள் சீனத் தேயிலை குடித்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை கோப்பி விளைத்தபோதும் அவர்கள் குடித்தது தேநீர்தான். மாறியது நாம். நம் மூத்தவர்கள் மல்லியும் சுக்கும் போட்ட கோப்பி குடித்தார்கள், நாம் பிளேன்டீ குடிக்கிறோம்.

துரைமார் தேயிலைக்கு மாறலாம். வங்கிக் கடன் கிடைக்கும், லண்டனில் கம்பனி பதியலாம், ஆலை கட்டலாம். கிராமத்தான் எப்படி மாறுவான்? கோப்பியை முற்றத்தில் காயப்போட்டு விற்கலாம். தேயிலைக் கொழுந்தைப் பறித்த அன்றே ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆலை துரையுடையது. கிராமக் கோப்பி போனதோடு கிராமத்தின் கைக்காசும் போனது. ஆனால் வரி போகவில்லை. நெல்வரியை அரசாங்கம் காசாகக் கேட்டது. முன்னர் கோப்பி விற்ற காசில் நெல்வரி கட்டினார்கள். இப்போது கட்ட முடியாதவர்களின் வயலை ஏலத்தில் விற்றார்கள். நுவரெலியா மாவட்டத்தில் வலப்பனைப் பகுதி மிக மோசமாக அடிபட்டது. வயல் போய், பசியிலும் காய்ச்சலிலும் சனம் செத்தது. இதை மறைக்காமல் எழுதிய அதிகாரி லெ மெசூரியர் என்ற உதவி அரசாங்க அதிபர். மேலிடம் அவரை விரும்பவில்லை. அவர் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல் ஹமீத் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதற்குப் பின்னால் நீதிமன்றம் வரை போன திருமணக் கதை ஒன்று உண்டு, அதை இன்னொரு நாளைக்கு வைப்போம். நெல்வரி 1892-ல் ஒழிக்கப்பட்டது. வயல் திரும்பி வரவில்லை.

தவளத்துக்கு என்ன நடந்தது? எல்லாப் பழியையும் துருவின் மேல் போடுவது நியாயமில்லை என்பதுதான் நம் கருத்து. வண்டிப் பாதையும் ரயிலும் வந்தபோதே பொதி மாட்டின் காலம் சுருங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் ரயில் போகாத கிராமங்களில் அது இன்னும் நீண்ட நாள் நின்றிருக்கும், ஏற்றுவதற்குக் கோப்பி இருந்திருந்தால். துரு அந்தச் சுமையையே இல்லாமல் ஆக்கியது. தேயிலை பெட்டியில் அடைக்கப்பட்டுத் தோட்டத்திலிருந்து நேரே ரயிலுக்குப் போனது. நடுவில் வாங்கி விற்க ஆள் வேண்டியதில்லை. மலைநாட்டுச் சிறு பட்டணங்களில் கடை போட்டுக்கொண்ட முஸ்லிம்கள் தப்பினார்கள். இன்றும் அந்தப் பட்டணங்களின் கடைத்தெருவில் நம் ஆட்கள் இருப்பதற்கு ஒரு காரணம் அந்தப் பழைய வழித்தடம். மாடு ஓட்டியவன் மாட்டை விற்றான்.

தொழிலாளிகளுக்கு வந்த மாற்றம் இன்னும் பெரியது. கோப்பிக்கு ஆள் தேவை அறுவடைக் காலத்தில்தான். சில மாதம் வேலை செய்துவிட்டுப் பலர் தமிழ்நாட்டு ஊருக்கே திரும்பிவிடுவார்கள். தேயிலை அப்படியல்ல, வருசம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். பெண்களின் கையும் வேண்டும். ஆகவே குடும்பத்தோடு கொண்டுவந்து லயத்தில் இருத்தினார்கள். வந்துபோகும் சனத்தை நிரந்தரமாகத் தங்கும் சனமாக மாற்றியது பயிர் மாற்றம். பயிரை மாற்றியது துரு. அப்படித் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் 1948-ல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். 1977 கலவரத்தில் அடிபட்டு மலையிலிருந்து இறங்கிய குடும்பங்களில் ஒரு பகுதி வவுனியாவுக்கும் நம் திருகோணமலை மாவட்டத்துக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறியது. அவர்களின் பிள்ளைகள் நம் சந்தைகளில் நம் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். அவர்கள் ஏன் இங்கே என்ற கேள்விக்கு விடை தேடிப் பின்னால் போனால் ஒரு கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் போய் நிற்கும்.

துரு இலங்கையோடு நிற்கவில்லை. இந்தியாவின் தென் மலைகளுக்குப் போனது, 1876-ல் ஜாவாவுக்குப் போனது. ஜாவாக்காரர் ஆப்பிரிக்காவிலிருந்து ரொபஸ்டா என்ற வேறு இனத்தைக் கொண்டுவந்தார்கள், அது துருவுக்குத் தாக்குப்பிடித்தது. இன்று உடனடிக் கோப்பி என்று போத்தலில் வருவதில் அதன் பங்கு பெரிது. நூறு வருசம் கழித்து 1970-ல் பிரேசிலில் துரு தெரிந்தது. 2012-க்குப் பிறகு மத்திய அமெரிக்காவில் மறுபடி பேயாட்டம் ஆடியது. சிறு விவசாயிகள் தோட்டத்தை விட்டு வேலை தேடி ஊரைவிட்டுப் போனார்கள். வலப்பனையில் நடந்தது வேறு மொழியில் மறுபடி நடந்தது.

இவை எல்லாம் மலையில் நடந்தவை, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் கொட்டியாரக் குடாவைப் பாருங்கள். மகாவலி வந்து கடலில் சேரும் இடம். கோப்பிக்காகக் காடு வெட்டிய சரிவுகளில் ஏராளமானவை மகாவலியின் நீரேந்து பிரதேசம். அன்று வெறுமையாக்கிய மலையின் மண் அந்த ஆற்றில்தான் இறங்கியது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிண்ணியா, மூதூர், தோப்பூர், கந்தளாய்ப் பக்கத்துக் குடும்பங்களில் தவளம் ஓட்டியவர்கள் பற்றிய பேச்சு யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மாட்டு மணி, பொதிச் சாக்கு, வழியில் தங்கிய இடத்தின் பெயர், எந்த ஊருக்கு உப்புக் கொண்டுபோனார்கள், மாட்டைக் கூப்பிட்ட சொல், எதுவாக இருந்தாலும் சரி. வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஆள் பெயர் போடத் தேவையில்லை, ஊர்ப் பெயர் போதும். வந்ததை எல்லாம் சேர்த்து அடுத்த தவணையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.